ஒரு ஸ்கூப் அமினோவா, ஒரு பிடி பருப்பா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையை எண்ணிப் பாருங்கள். கண்ணி, முத்து, சலங்கை, திருகாணி என்று கொலுசுக்கு வேண்டிய உருப்படிகள் தனித்தனி டப்பாவில் இருக்கின்றன. கண்ணி மூட்டையாக வந்து இறங்கிவிட்டது. திருகாணி பத்துதான் கையிருப்பு. அன்றைக்கு எத்தனை கொலுசு முடியும்? பத்து. கண்ணியை இன்னொரு மூட்டை இறக்கினாலும் பத்துதான்.

உடம்பில் புரதம் கோக்கப்படுவதும் இப்படித்தான். அமினோ அமிலங்கள்தான் உருப்படிகள், புரதம்தான் முடிந்த கொலுசு. ஜிம்மிலும் மருந்துக் கடையிலும் ஆன்லைனிலும் ‘பிசிஏஏ’, ‘இஏஏ’, ‘அமினோ’ என்று டப்பாவில் விற்பது இந்த உருப்படிகளைத்தான். பருப்பு, முட்டை, பால், கறி ஆகியவற்றில் வருவது முழுப் புரதம். வயிறும் குடலும் அதை உருப்படி உருப்படியாகப் பிரித்து ரத்தத்தில் சேர்க்கின்றன. பிரிந்த பிறகு, லூசின் என்ற உருப்படி டப்பாவிலிருந்து வந்ததா துவரம்பருப்பிலிருந்து வந்ததா என்று தசைக்குத் தெரியாது.

புரதத்தில் வரும் அமினோ அமிலங்கள் 20. அவற்றில் 11-ஐ உடம்பே செய்துகொள்ளும். மீதி 9 சாப்பாட்டில் வந்தே ஆக வேண்டும்: ஹிஸ்டிடின், ஐசோலூசின், லூசின், லைசின், மெத்தியோனின், ஃபீனைலலனின், த்ரியோனின், ட்ரிப்டோஃபன், வேலின். இவற்றை அத்தியாவசிய அமினோ அமிலங்கள் என்கிறோம். இஏஏ டப்பாவில் இருப்பது இந்த ஒன்பதும். பிசிஏஏ டப்பாவில் இருப்பது லூசின், ஐசோலூசின், வேலின் மூன்று மட்டும், பெரும்பாலும் 2:1:1 என்ற அளவில். ‘குளூட்டமின்’, ‘ஆர்ஜினின்’ என்று தனியாக விற்பவை அந்த ஒன்பதிலேயே சேராதவை. நலமாக இருப்பவரின் உடம்பு அவற்றைத் தானே செய்துகொள்கிறது.

சோற்றுக்கு எந்தத் திருகாணி குறைவு?

நம் சாப்பாட்டில் முதலில் தீர்ந்துபோகும் உருப்படி லைசின். அரிசி, கோதுமை, கேழ்வரகு, கம்பு, சோளம் என்று எந்தத் தானியத்தை எடுத்தாலும் அதில் லைசின்தான் குறைவு. பருப்பில் லைசின் தாராளம், மெத்தியோனின் குறைவு. தானியத்தில் மெத்தியோனின் போதுமான அளவு உண்டு. சோற்றுக்குப் பருப்பு, இட்லிக்கு உளுந்து, களிக்கு மொச்சைக் குழம்பு என்ற பழக்கம் ஒன்றின் குறையை இன்னொன்று நிரப்பும் ஏற்பாடு.

இதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். 60 கிலோ எடை உள்ளவருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய லைசின் சுமார் 1.8 கிராம். 300 கிராம் அரிசி சாப்பிட்டால் அதில் 24 கிராம் புரதம் இருக்கும், அதிலிருந்து கிடைக்கும் லைசின் 0.9 கிராம். பாதிக் கிணறு. 60 கிராம் துவரம்பருப்பு, அதாவது தாராளமாக இரண்டு பிடி, சேர்ந்தால் மற்ற 0.9 கிராமும் வந்துவிடுகிறது. 300 கிராம் அரிசி கொடுத்ததை 60 கிராம் பருப்பு கொடுக்கிறது. பருப்புப் புரதம் முழுவதும் செரிக்காது என்பதால் ஒரு டம்ளர் பாலோ ஒரு முட்டையோ கூட இருந்தால் கணக்கு நிம்மதியாக நேராகும்.

இதில் சறுக்குவது எங்கே என்றால், தட்டில் விழுவது பருப்பா, பருப்புத் தண்ணீரா என்பதில்தான். ஒரு குண்டான் சாம்பாருக்கு 100 கிராம் பருப்பு போட்டு ஐந்து பேர் மதியமும் இரவும் ஊற்றிக்கொண்டால், ஆளுக்கு வருவது நாளைக்கு 20 கிராம் பருப்பு, அதாவது 4 கிராம் புரதம். ரசத்தில் அதுவும் இல்லை. ‘தினமும் பருப்பு சாப்பிடுகிறோமே’ என்று சொல்லும் பல வீடுகளில் உண்மையில் நடப்பது இது.

சேலத்துக்கே உரிய இன்னொன்று ஜவ்வரிசி. மரவள்ளிக் கிழங்கு மாவிலிருந்து வருவது, கிட்டத்தட்ட முழுவதும் மாவுச்சத்து. 100 கிராமில் புரதம் அரை கிராம்கூடத் தேறாது. காய்ச்சலில் படுத்தவருக்கு ஜவ்வரிசிக் கஞ்சி தெம்பு கொடுக்கும், ஆனால் கரைந்த தசையைத் திருப்பிக் கட்டாது. அதே கஞ்சியில் 200 மில்லி பால் சேர்ந்தால் ஆறரை கிராம் புரதம் உள்ளே போகும்.

பிசிஏஏ உண்மையில் என்ன செய்கிறது?

லூசினுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அது உருப்படி மட்டும் அல்ல, பட்டறையின் சங்கும் அதுதான். ரத்தத்தில் லூசின் ஏறினால் ‘வேலையைத் தொடங்கு’ என்று தசைக்குச் சேதி போகிறது. ஒரு வேளைச் சாப்பாட்டில் 2 முதல் 3 கிராம் லூசின் இருந்தால் சங்கு நன்றாக ஊதும். பிசிஏஏ விற்பனை முழுவதும் இந்த ஒரு உண்மையின் மேல் நிற்கிறது.

சங்கு ஊதிவிட்டது, திருகாணி இல்லை என்றால்? பட்டறையில் இருக்கும் பழைய கொலுசைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் பிசிஏஏ மட்டும் குடித்தால் நடப்பது இதுதான். மற்ற ஆறு அமினோ அமிலங்களும் வெளியிலிருந்து வராததால், உடம்பு இருக்கிற தசைப் புரதத்தை உடைத்துத்தான் அவற்றை எடுக்கிறது. அதனால் தொடங்கிய வேலை வேகம் பிடிக்காமல் நின்றுபோகும். ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் பல்கலைக்கழகத்தில் 2017-ல் வெளியான ஆய்வில், எடைப் பயிற்சி முடித்த இளைஞர்களுக்கு 5.6 கிராம் பிசிஏஏ கொடுத்துப் பார்த்தார்கள். சும்மா தண்ணீர் போன்ற பானம் குடித்தவர்களைவிடத் தசைப் புரத உற்பத்தி 22 சதவீதம் கூடியது. உண்மையான பலன்தான், மறுக்க வேண்டாம். ஆனால் அதே அளவு பிசிஏஏ உள்ள முழு வே புரதம் (பால் திரிந்த தண்ணீரிலிருந்து எடுப்பது) கொடுத்த ஆய்வுகளில் இந்த உயர்வு ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது.

இன்னொரு கணக்கு, டப்பா வாங்குமுன் எல்லோரும் போட வேண்டியது. நல்ல புரதம் எதை எடுத்தாலும் அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பிசிஏஏதான். இரண்டு அவித்த முட்டை 12 கிராம், 250 மில்லி பால் 8 கிராம், இரண்டு இட்லி 4 கிராம். மொத்தம் 24 கிராம் புரதம். அதற்குள் பிசிஏஏ கிட்டத்தட்ட 5 கிராம் உட்கார்ந்திருக்கிறது. ஒரு ஸ்கூப் பவுடரில் கிடைக்கும் அளவு அதுதான். இங்கே மற்ற ஆறு உருப்படிகளும் கால்சியமும் பி12-ம் கூடவே வருகின்றன. அசைவம், முட்டை தொடாதவர் 50 கிராம் சோயா உருண்டையில் 26 கிராம் புரதம் எடுத்தால், பிசிஏஏ நாலரை கிராமுக்குக் குறையாது.

‘இது ஏற்கெனவே செரித்தது, நேராக ரத்தத்தில் ஏறும்’ என்று அமினோ மாத்திரைக்குச் சொல்லும் விளம்பரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தனி அமினோ அமிலம் அரைமணி நேரத்துக்குள் ரத்தத்தில் உச்சம் தொடுவது உண்மை. ஆனால் குடலில் இரண்டு மூன்று அமினோ அமிலங்கள் கோத்த சிறு துண்டுகளை அப்படியே உள்ளே இழுக்கத் தனி வாசலே இருக்கிறது. புரதம் செரிக்கும்போது உண்டாகும் துண்டுகள் அந்த வழியாக வேகமாகவே நுழைகின்றன. குடல் நலமாக உள்ளவருக்கு ‘செரித்து வந்த’ அமினோவால் கூடுதல் ஆதாயம் இல்லை. மாத்திரையின் அளவையும் பாருங்கள். முழு மாத்திரையே 2 கிராம். 20 கிராம் வேண்டுமானால் பத்து விழுங்க வேண்டும்.

தட்டை எண்ணுங்கள்

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு, ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம். 65 கிலோ ஆணுக்கு 54 கிராம், 55 கிலோ பெண்ணுக்கு 46 கிராம். தானியம் மிகுந்த சாப்பாட்டுக்காரர் கிலோவுக்கு 1 கிராம் என்று வைத்துக்கொள்வது நல்லது. வாரத்தில் நான்கைந்து நாள் எடை தூக்கித் தசை கூட்ட நினைப்பவருக்கு 1.6 கிராம் வரை பலன் உண்டு. அதற்கு மேலே போனால் கூடுதல் தசை ஏறுவதில்லை. தசை வளர்ப்பதற்கென்று புரதப் பவுடர் வேண்டாம் என்று அதே நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது.

சேலத்தில் 60 கிலோ எடையுள்ள ஓர் இளைஞரின் வழக்கமான நாளை எடுத்துக்கொள்வோம். காலையில் நான்கு இட்லி, சாம்பார், பொட்டுக்கடலைச் சட்னி: 13 கிராம். மதியம் 150 கிராம் அரிசிச் சோறு, 30 கிராம் பருப்பு விழும் கெட்டிச் சாம்பார், பொரியல், ஒரு கிண்ணம் தயிர்: 23 கிராம். சாயங்காலம் டீயும் ஒரு தட்டுவடை செட்டும்: 4 கிராம். இரவு மூன்று சப்பாத்தி, குருமா: 11 கிராம். ஆக 51. சாதாரண வேலைக்கு ஒட்டி வருகிறது. ஜிம் போகிறவருக்கு வேண்டியது 96, இடைவெளி 45.

அந்த 45-ஐ ஸ்கூப்பால் நிரப்பவே முடியாது. மூன்று ஸ்கூப் பிசிஏஏ போட்டாலும் 15 கிராம்தான், அதுவும் மூன்றே உருப்படி. சமையல்கட்டில் நிரப்பலாம். காலையில் இரண்டு முட்டை, 12 கிராம். சாயங்காலம் தட்டுவடையோடு 50 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டல் (ஊறப்போடுமுன் எடை), 10 கிராம். இரவுக் குருமாவில் 30 கிராம் சோயா உருண்டை, 15 கிராம். படுக்கும்முன் 250 மில்லி பால், 8 கிராம். மொத்தம் 45. ஆவினில் பச்சைப் பாக்கெட்டா நீலப் பாக்கெட்டா என்று குழம்ப வேண்டாம். மாறுவது கொழுப்புதான், புரதம் இரண்டிலும் லிட்டருக்கு 32 கிராம் அளவில்தான் இருக்கிறது. அசைவம் சாப்பிடுகிறவர் சோயாவுக்குப் பதில் 100 கிராம் கோழிக் கறி (21 கிராம்) அல்லது மேட்டூர் அணையின் கட்லா, ரோகு (100 கிராமில் 18 கிராம் அளவு) எடுக்கலாம்.

ஒரே வேளையில் கொட்டாமல், மூன்று நான்கு வேளையாகப் பிரித்து, வேளைக்கு 20 முதல் 30 கிராம் வருமாறு சாப்பிடுங்கள். சங்கு ஒரு நாளில் மூன்று நான்கு முறை ஊத வேண்டும். பயிற்சி முடிந்து அரைமணிக்குள் குடித்தே ஆக வேண்டும் என்ற பதற்றம் தேவை இல்லை. ஓரிரு மணி நேரத்தில் சாப்பாடு வந்தால் போதும். உடம்பு அமினோ அமிலத்தைச் சேமித்து வைக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். பட்டறையில் மிஞ்சிய கண்ணியைப் பெட்டியில் பூட்டிவைக்கலாம். உடம்பு மிஞ்சியதை எரித்துவிட்டு, அதிலுள்ள நைட்ரஜனை யூரியாவாக்கிச் சிறுநீரில் அனுப்பிவிடும்.

விலைக் கணக்கை அவரவர் ஊர் விலையில் போட்டுப் பார்க்க வேண்டும். முறை இது: விலையை மொத்தப் புரத கிராமால் வகுங்கள். நாமக்கல் முட்டை 7 ரூபாய் என்றால் 6 கிராம் புரதம், கிராமுக்கு ஒரு ரூபாய் 17 காசு. லீ பஜாரில் துவரம்பருப்பு கிலோ 160 என்றால் கிராமுக்கு 74 காசு. சோயா உருண்டையும் அதே 160 என்றால் 31 காசுதான். 30 ஸ்கூப் பிசிஏஏ டப்பா 900 ரூபாய் என்று வைத்தால், ஸ்கூப்புக்கு 30 ரூபாய், கிராமுக்கு 6 ரூபாய். அந்த 30 ரூபாய்க்கு நான்கு முட்டை வந்துவிடும், அதாவது 24 கிராம் முழுப் புரதம்.

சமையலில் கோட்டைவிடும் இடங்கள் சில உண்டு. பச்சை முட்டையை உடைத்துக் குடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வெந்த முட்டையில் 90 சதவீதப் புரதம் செரித்து உள்ளே போகும், பச்சையில் பாதிதான். வெள்ளைக்கருவில் உள்ள அவிடின் என்ற பொருள் பயோட்டின் என்ற வைட்டமினையும் பிடித்துவைத்துக்கொள்ளும். கொள்ளு, கொண்டைக்கடலை, மொச்சையை முளைகட்டினாலும் வேகவைத்தே சாப்பிடுங்கள். அவற்றில் செரிமான நொதியைத் தடுக்கும் பொருள் உண்டு, சூட்டில்தான் அது அடங்கும். 8 முதல் 10 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குக்கரில் கையால் நசுங்கும் அளவுக்கு வேகவிடுங்கள். வாயுத் தொல்லையும் குறையும். சோயா உருண்டையைக் கொதிக்கும் நீரில் பத்து நிமிடம் போட்டு, பிழிந்து, இரண்டு முறை கழுவினால் வாடை போகும். நிலக்கடலை 50 கிராமில் 12 கிராம் புரதம் உண்டு, கூடவே 280 கலோரியும். எடை குறைக்க நினைப்பவர் கைப்பிடியோடு நிறுத்த வேண்டும். பூஞ்சை பிடித்த, கறுத்த, கசக்கும் கடலையைப் பொறுக்கி எறியுங்கள். அதில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு இருக்கலாம், வறுத்தாலும் முழுவதும் போகாது.

ஏற்காடு மலையேற்றத்துக்கு?

அடிவாரத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் சைக்கிள் மிதித்து ஏறுகிறவர்கள் பாட்டிலில் பிசிஏஏ கலந்து எடுத்துப் போவதைப் பார்க்கலாம். களைப்பைத் தள்ளிப்போடும் என்பது நம்பிக்கை. ட்ரிப்டோஃபன் மூளைக்குள் போகும் வழியில் பிசிஏஏ போட்டியாக நிற்கும், அதனால் சோர்வு தாமதமாகும் என்ற கருத்திலிருந்து வந்தது இது. சோதித்துப் பார்த்தபோது ஓட்டத்திலும் மிதிப்பிலும் நம்பத்தக்க முன்னேற்றம் தெரியவில்லை. மறுநாள் தசை வலி சற்றுக் குறையலாம், அவ்வளவே. மலையேற்றத்தில் எரிவது மாவுச்சத்துதான். அமினோ அமிலத்தின் பங்கு சில சதவீதம். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் 25 கிராம் வரை உண்டு. இரண்டு வாழைப்பழம், உப்புப் போட்ட மோர், தண்ணீர். ஏறி முடித்த பிறகு முட்டையோடு டிபன். ‘எனர்ஜி’ என்று போட்ட சில பிசிஏஏ பவுடர்களில் காஃபீனும் கலந்திருக்கும். கிடைக்கும் சுறுசுறுப்பு அதனால்தான். ஏற்காட்டுக் காபி ஒரு டம்ளரும் அதைச் செய்யும்.

பாதுகாப்பு: எங்கே பயமில்லை, எங்கே பயம்

நோயில்லாத பெரியவர் நாளைக்கு 5, 10 கிராம் பிசிஏஏ அல்லது இஏஏ எடுத்தால் ஆபத்து என்று சொல்ல ஆதாரம் இல்லை. இளைஞர்களிடம் நடந்த சோதனையில் லூசின் கிலோவுக்கு 500 மில்லிகிராம் தாண்டியபோதுதான் ரத்தத்தில் அம்மோனியா ஏறியது. 60 கிலோ எடைக்கு அது 30 கிராம். ஸ்கூப்பில் இருப்பது இரண்டரை கிராம். வெறும் வயிற்றில் குடித்தால் சிலருக்குக் குமட்டும், சிலருக்கு வயிற்றுப்போக்கு ஆகும். பயனில்லை என்பது வேறு, விஷம் என்பது வேறு. இரண்டையும் குழப்பிப் பயமுறுத்துவது சரியல்ல.

ஒரே ஒரு அமினோ அமிலத்தைத் தனியாக, மருந்து போல, நோயாளி எடுக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. சாப்பாட்டில் எந்த அமினோவும் தனியாக வருவதில்லை. ஒன்றை மட்டும் கொட்டினால் என்ன ஆகும் என்பதற்கு மருத்துவ உலகில் கசப்பான பாடங்கள் இருக்கின்றன. மாரடைப்பு வந்தவர்களுக்கு ஆர்ஜினின் ரத்தக் குழாயைத் தளர்த்தி உதவும் என்று அமெரிக்காவில் சோதித்தார்கள். ஆர்ஜினின் எடுத்தவர்களில் ஆறு பேர் இறந்தார்கள், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் ஒருவரும் இறக்கவில்லை. சோதனையைப் பாதியில் நிறுத்தி, முடிவை 2006-ல் வெளியிட்டார்கள். பல உறுப்புகள் செயலிழந்து தீவிர சிகிச்சையில் இருந்தவர்களுக்கு அதிக அளவு குளூட்டமின் கொடுத்த பெரிய ஆய்வு 2013-ல் வெளியானது. அங்கும் குளூட்டமின் பெற்றவர்களிடம் இறப்பு கூடியது. தூக்கத்துக்கென்று விற்ற ட்ரிப்டோஃபன் மாத்திரையால் 1989-ல் அமெரிக்காவில் 1,500-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கடும் தசைவலி நோய் வந்தது, 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த நோய், ஒரே தொழிற்சாலையில் தயாரான சரக்கோடும் அதிலிருந்த கலப்பு அசுத்தங்களோடும் தொடர்புபடுத்தப்பட்டது.

ஆகவே சிலர் மருத்துவரைக் கேட்காமல் டப்பாவைத் திறக்கவே கூடாது. சிறுநீரகம் பழுதுபட்டவர்கள் முதலில். நல்ல சிறுநீரகத்தைப் புரதம் கெடுக்காது, ஆனால் ஏற்கெனவே பலவீனமான சிறுநீரகத்துக்கு அந்த யூரியாச் சுமை கூடுதல். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் பத்து வருடமாக உள்ளவர்கள் சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தச் சோதனை பார்க்காமல் எதையும் தொடங்க வேண்டாம். பார்க்கின்சன் நோய்க்கு லீவோடோப்பா சாப்பிடுகிறவர்களுக்கு, பிசிஏஏ அந்த மருந்தோடு போட்டி போட்டு அது மூளைக்குப் போவதைத் தடுக்கும். மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர்கள் கூடவே ட்ரிப்டோஃபன் எடுத்தால் செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருள் அளவுக்கு மீறிப் போகலாம்: நடுக்கம், வியர்வை, படபடப்பு, காய்ச்சல் கண்டால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரத்தக் கொதிப்பு மாத்திரை, நெஞ்சுவலிக்கான நைட்ரேட் சாப்பிடுகிறவர்கள் ஆர்ஜினின் சேர்த்தால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள் சாப்பாட்டோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

டப்பாவின் பின்பக்கம்

இவ்வளவுக்குப் பிறகும் வாங்கத்தான் வேண்டும் என்றால், முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் படியுங்கள். எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் 14 இலக்கம் இருக்க வேண்டும். ஒவ்வொரு அமினோ அமிலமும் எத்தனை கிராம் என்று தனித்தனியாகப் போட்டிருக்க வேண்டும். ‘தனிக் கலவை’ என்று மொத்த எடை மட்டும் போட்டிருந்தால் வாங்காதீர்கள். விலை குறைந்த உருப்படியை அதிகம் போட்டு நிரப்ப அது வசதி.

புரதப் பவுடரில் நடக்கும் ஏமாற்று இன்னும் நுட்பமானது. ஆய்வுக் கூடத்தில் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குகிறார்கள். மலிவான கிளைசினில் நைட்ரஜன் 18.7 சதவீதம். 5 கிராம் கிளைசினைக் கலந்தால் சோதனையில் அது 5.8 கிராம் புரதமாகத் தெரியும். டாரினையும் இப்படிக் கலக்கிறார்கள். அது புரதத்தில் சேரவே சேராது. கண்டுபிடிக்க ஒரு வழி: 25 கிராம் வே புரதம் என்று போட்டிருந்தால் லூசின் இரண்டரை கிராம் அளவில் இருக்க வேண்டும். இரண்டுக்கும் கீழே இருந்தாலோ, பொருட்கள் பட்டியலில் கிளைசின், டாரின் என்று தனியாக இருந்தாலோ சந்தேகப்படுங்கள். இந்தியச் சந்தையில் விற்கும் 36 பவுடர்களைச் சோதித்து 2024-ல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய 70 சதவீதத்தில் லேபிளில் சொன்ன புரத அளவு தவறாக இருந்தது. சிலவற்றில் சொன்னதில் பாதிதான் இருந்தது.

யாருக்கு உண்மையில் தேவை?

அமினோ அமிலம் மருந்தாகவே உயிர் காக்கும் இடங்கள் உண்டு. பிறவியிலேயே ஃபீனைலலனினை உடைக்க முடியாத குழந்தைகளுக்கும், பிசிஏஏ மூன்றையும் உடைக்க முடியாத குழந்தைகளுக்கும், அந்தந்த அமினோவை மட்டும் நீக்கிச் செய்த கலவைதான் உணவு. கல்லீரல் சுருங்கி மூளை மயங்கும் நிலைக்குப் போனவர்களுக்கு மருத்துவர்கள் பிசிஏஏ எழுதித் தருகிறார்கள், பலனும் தெரிகிறது. இவையெல்லாம் சீட்டோடு வாங்குபவை.

அடுத்தது வயதானவர்கள். எங்களைக் கேட்டால் இந்தப் பேச்சு முழுவதும் ஜிம்மை விட்டு வீட்டுத் திண்ணைக்கு வர வேண்டும் என்போம். 65 தாண்டியவரின் தசைக்குச் சங்கு சன்னமாகத்தான் கேட்கும். இளைஞருக்கு 20 கிராமில் நடப்பது அவருக்கு 30 கிராமில்தான் நடக்கும். அவருக்கு வேண்டியது கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம். பசியோ குறைவு, பல்லும் இல்லை. காலையில் இரண்டு இட்லி, மதியம் ரசம் சோறு, சாயங்காலம் டீயில் தொட்ட பன், இரவு கொஞ்சம் கஞ்சி. கூட்டினால் 30 கிராமைத் தொடாது. 50 கிலோ பாட்டிக்கு வேண்டியதில் பாதி. ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் எழுந்து நடக்கக் கால் தள்ளாடுவது இதனால்தான். ஒன்றும் இறங்காத நாட்களில் லூசின் கூடிய இஏஏ கலவை சிறு அளவிலேயே சங்கை ஊதவைக்கும் என்பதால், மருத்துவர் சொன்னால் கொடுக்கலாம்.

இறங்கும் நாட்களில் இதைச் செய்யுங்கள். 40 கிராம் பாசிப்பருப்பை லேசாக வறுத்து, மூன்று பங்கு தண்ணீரில் குக்கரில் ஐந்து விசில் விட்டு, மத்தால் மசியுங்கள். 20 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பவுடரை, கொஞ்சம் ஆறிய பாலில் கட்டியில்லாமல் கரையுங்கள். சூட்டில் நேராகக் கொட்டினால் திரிதிரியாக நிற்கும். அதை மொத்தம் 200 மில்லி பாலோடு பருப்பில் ஊற்றி, அடிபிடிக்காமல் ஒரு கொதி விடுங்கள். பருப்பில் ஒன்பதரை, பாலில் ஆறரை, பவுடரில் 7, ஆக 23 கிராம். சர்க்கரை நோய் இல்லாதவருக்கு வெல்லம், இருப்பவருக்குச் சீரகமும் உப்பும். பால் ஒத்துக்கொள்ளாமல் வயிறு உப்பினால் பாலையும் பவுடரையும் விட்டுவிட்டு, இரண்டு முட்டையை அடித்து, கொதிக்கும் பருப்பில் மெல்லிய தாரையாக ஊற்றிக் கிளறி வேகவிடுங்கள், 21 கிராம் வரும். இதைக் காலையில் கொடுங்கள், அன்றைய முதல் வேளையில்தான் வயதானவர்களுக்குப் புரதம் மிகக் குறைவாகப் போகிறது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, கைப்பிடி உள்ள நாற்காலியைச் சுவரோரம் போட்டு, கூட ஒருவர் நின்றுகொண்டு, பத்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். முதல் வாரம் ஐந்து முறையோடு நிறுத்தினாலும் சரிதான்.